அம்மாவுக்கு ஸ்லீப் ஸ்டடி: "புது இடத்துல எனக்குக் கண்ணே மூடாது"

கேள்வி | மார்ச் 3, 2025, காலை 9.40

அம்மாவுக்கு 61 வயசு. அடுத்த வாரம் வியாழன், 13-ந்தேதி ராத்திரி, ஸ்லீப் ஸ்டடிக்கு வரச் சொல்லியிருக்காங்க, அதாவது ராத்திரி அங்கேயே தூங்க வச்சு மூச்சையும் தூக்கத்தையும் பதிவு பண்றது. குறட்டை பல வருஷமா உண்டு. இப்போ பகல்ல உட்கார்ந்த இடத்துலயே கண் சொருகுது. அவங்க திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுதான்: "புது இடத்துல எனக்குக் கண்ணே மூடாது. உடம்பு பூரா வயரை ஒட்டிட்டுத் தூங்குன்னா எப்படித் தூங்குறது? தூங்காத ஆளை வச்சு என்னத்தைப் பார்ப்பாங்க?" எனக்கும் அது நியாயமாத்தான் படுது. போய் வந்தவங்க இருந்தா, என்ன தயார் பண்ணணும்னு சொல்லுங்க.

மார்ச் 3, இரவு 10.15

நான் இரண்டு முறை போய் வந்தவள். 2016-இல் ஒன்று, 2019-இல் ஒன்று. இரண்டு முறையும் கிளம்பும்போது உங்கள் அம்மா சொன்னதைத்தான் நானும் சொன்னேன். இரண்டு முறையும் தூங்கினேன்.

வீட்டில் தூங்குகிற மாதிரி அங்கே யாரும் தூங்குவதில்லை. ஆய்வு செய்கிறவர்களுக்கும் அது தெரியும். நாலு மணி நேரத் தூக்கம் கிடைத்தாலே பெரும்பாலும் போதும். மூச்சு எத்தனை தடவை தடைப்படுகிறது, ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்குகிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். விடியும்வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக் காட்ட வேண்டுமே என்ற கவலையை முதலில் அம்மாவிடமிருந்து இறக்கி வையுங்கள்.

தயாரிப்பு என்பது, தம்பி, அம்மாவின் வழக்கமான இரவை அப்படியே அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். மற்றதெல்லாம் அதற்கு உதவி. விவரமாக எழுதுகிறேன். ஒன்று மட்டும் இப்போதே: முந்தின நாள் புதன் இரவு கொஞ்சம் நேரம் கழித்துப் படுத்து, விடியற்காலையிலேயே எழுந்துவிடட்டும். வியாழன் இரவு கண் தானாகச் சொருகும்.

மார்ச் 3, இரவு 10.40

முக்கியமானதை விட்டுவிட்டேன். தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது.

வியாழன் காலையில் ஷாம்பூ மட்டும் போட்டுத் தலைக்குக் குளிக்கட்டும். எண்ணெய், கண்டிஷனர், ஜெல், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். முடி அடிவரை உலர்ந்திருக்க வேண்டும், பின்னல் ஊக்கு எல்லாம் இல்லாமல். மண்டையில் ஒட்டுகிற எலக்ட்ரோடு பிடிப்பது மூளையிலிருந்து மைக்ரோவோல்ட் கணக்கில் வருகிற மின்சாரத்தை. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோவோல்ட். நடுவில் எண்ணெய்ப் படலம் உட்கார்ந்திருந்தால் அது எங்கே ஏறி வரும்?

2016-இல் நான் முந்தின நாள் எண்ணெய் வைத்துவிட்டு, மேலோட்டமாக அலசிவிட்டுப் போனேன். டெக்னீசியன் பஞ்சைத் தொட்டுத் தொட்டு அரை மணி நேரம் துடைத்தார். அப்படியும் இரவு இரண்டு மணி வாக்கில் ஒரு வயர் கழன்று, மறுபடி ஒட்ட அவர் உள்ளே வந்தபோது விழித்தவள், நாலு மணிவரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

முகத்துக்கு க்ரீம், காலுக்கு லோஷன் அன்று வேண்டாம். தாடையிலும், முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசையிலும்கூட ஒட்டுவார்கள்.

மார்ச் 4, காலை 6.20

நேற்று இரவு முதலில் எழுதியதில் கடைசி யோசனை தவறு. அம்மாவிடம் சொல்லியிருந்தால் உடனே மாற்றிச் சொல்லுங்கள். புதன் இரவு வழக்கமான நேரத்தில் படுக்க வேண்டும், வழக்கமான நேரத்தில் எழ வேண்டும்.

நடுராத்திரியில் விழித்தபோதுதான் உறைத்தது. தூக்கத்தைக் குறைத்துவிட்டுப் போனால், மறுநாள் உடம்பு ஆழ்ந்த தூக்கத்தை அள்ளிப் போட்டு ஈடுகட்டப் பார்க்கும். ஆழ்ந்த தூக்கத்தில் மூச்சு ஓரளவு ஒழுங்காக இருப்பதுதான் பலருக்கும் வழக்கம். அதிகம் தடுமாறுவது கனவுத் தூக்கத்தில், ஏனென்றால் அப்போது உடம்பின் தசைகள் பெரும்பாலும் செயலற்றுக் கிடக்கும், தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகளும் சேர்ந்து தளர்ந்துவிடும். எந்தத் தூக்கம் எவ்வளவு என்ற பங்கு மாறினால், மணிக்கு எத்தனை மூச்சுத் தடை என்று வருகிற எண்ணும் மாறும். கூடுதலான களைப்பு மூச்சுத் தடையை மோசமாக்கவும் செய்யலாம். இரண்டு பக்கமும் திரியக்கூடிய ஒன்றை நாமே ஏன் கொண்டுபோக வேண்டும்?

"வழக்கமான இரவு" என்று எழுதிய அதே பதிவில் இதையும் எழுதியிருக்கிறேன். மன்னிக்கவும்.

மார்ச் 4, இரவு 9.30

அம்மா சாப்பிடுகிற மாத்திரைகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பெயர், அளவு, நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஆய்வுக்கு அனுப்பிய டாக்டரிடம் இப்போதே காட்டுங்கள். வியாழன் சாயங்காலம் காட்டிப் பயனில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பல மாத்திரைகள் கனவுத் தூக்கத்தைக் குறைப்பவை. திடீரென்று விட்டால் அது ஒரே பாய்ச்சலாகத் திரும்பி வரும். தூக்க மாத்திரையும் அப்படி யோசித்துத் தொட வேண்டிய ஒன்று. தொடர்வதா விடுவதா என்று டாக்டர் சொல்லட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, ஆய்வைப் படிக்கப்போகிறவருக்கு என்னென்ன மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று தெரியப்படுத்துவது.

இரவு மாத்திரைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே இருக்கும் டெக்னீசியன் மாத்திரை தருகிறவர் இல்லை.

இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது தூங்கியிருப்பார், இடையில் எத்தனை முறை எழுந்தார், பகலில் எப்போது கண் அயர்ந்தார். ஒன்பது இரவு கிடைக்கும். வழக்கமான இரவு எது என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி. குறட்டை விட்டு, நடுவில் சத்தம் அடங்கி, பிறகு திணறி மூச்சு வாங்குவதை இரண்டு நிமிஷம் போனில் எடுத்து வைத்தாலும் நல்லது. அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

மார்ச் 5, மதியம் 1.10

காபி. உடம்பில் ஏறிய காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடக் குறைய. மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். வியாழன் அன்று நடுப்பகலுக்குப் பிறகு காபி, டீ, கோலா வேண்டாம். காலைக் காபியை நிறுத்தாதீர்கள். பழகிய உடம்புக்கு அது இல்லையென்றால் தலைவலி வரும், அந்தத் தலைவலியோடு படுக்கக் கூடாது.

அன்று பகல் தூக்கமும் கூடாது. உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறவரை விழிக்க வைப்பது எளிதில்லை, அதனால் மதியம் நீங்கள் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுங்கள், ஒரு நடை கூட்டிப் போங்கள். இரவை வழக்கம்போல் வைக்கச் சொன்னவள் பகலை ஏன் மாற்றச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பகல் முழுக்கச் சேர்கிற தூக்கப் பசியை ஒரு மணி நேரக் குட்டித் தூக்கம் தின்றுவிடும். வீட்டிலென்றால் பன்னிரண்டு மணிக்கு மேல் தூக்கம் வந்தாலும் போகிறது என்று விடலாம். அங்கே காலையில் குறித்த நேரத்துக்கு எழுப்பிவிடுவார்கள்.

மார்ச் 5, இரவு 8.45

மது பற்றி வேறொருவர் கேட்டிருக்கிறார். தொண்டைத் தசையைத் தளர்த்தும், முன்னிரவின் கனவுத் தூக்கத்தைக் குறைக்கும். அன்று வேண்டாம். தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்துவது தனி ஆபத்து. அவர் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும், கூச்சப்பட வேண்டாம்.

தாடி பற்றியும் கேட்டார். வழக்கமாக வைத்திருந்தால் இருக்கட்டும், முன்கூட்டி அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வழக்கமாக மழிப்பவர் அன்றும் மழித்துவிட்டுப் போக வேண்டும். இரண்டு நாள் முள்தாடியில் பசை நிற்காது.

மார்ச் 6, காலை 7.00

நகப் பூச்சு. ஒரு விரலிலாவது அடியோடு துடைத்திருக்க வேண்டும். ரத்த ஆக்ஸிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு ஒளியை விரல் வழியாகச் செலுத்துகிறது. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் அந்த இரண்டையும் வேறு வேறு அளவில் உறிஞ்சும். நாடி துடிக்கும்போது மாறுகிற பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் கணக்கு வந்துவிடும். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்டுபிடித்து 1974-இல் வெளியிட்ட வழி அது. ஒரு ஊசிகூடக் குத்தாமல் இரவு முழுக்க ரத்தத்தைப் பார்க்கிற அந்தச் சின்ன கவ்வியை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நெகிழும். அடர்ந்த நிறப் பூச்சு அந்த ஒளியை மறைக்கும். ஒட்டு நகமும் அப்படியே.

மார்ச் 7, இரவு 10.50

வயர் ஒட்டுவதை விலாவாரியாக எழுதுகிறேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். என்ன நடக்கும் என்று தெரியாமல் போனதுதான் எனக்கு முதல் தடவை பெரிய பயம்.

முதலில் நாற்காலியில் உட்கார வைத்து, அளவு நாடாவால் தலையை அளப்பார்கள். மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடுவரை ஒரு அளவு, ஒரு காதுமுன் தொடங்கி மறு காதுமுன்வரை இன்னொன்று. அந்தத் தூரத்தில் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பிரித்து மெழுகுப் பென்சிலால் புள்ளி வைப்பார்கள். 1958-இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வகுத்துக் கொடுத்த முறை, இன்றும் அதுதான். சின்னத் தலையோ பெரிய தலையோ, மூளையின் அதே இடத்துக்கு மேல் அதே எலக்ட்ரோடு வந்து உட்காரும்.

புள்ளி வைத்த இடத்தை மணல் கலந்த மாதிரி நறநறவென்று இருக்கும் ஜெல்லால் தேய்ப்பார்கள். வலிக்காது, கொஞ்சம் எரியலாம். பிறகு கெட்டியான வெள்ளைப் பசையைக் குட்டிக் கிண்ணம் போன்ற உலோகத் துண்டில் அப்பி, முடியை விலக்கி அழுத்துவார்கள். பசை சில்லென்று இருக்கும். முடியை வெட்ட மாட்டார்கள், ஊசி கிடையாது, வயர் வழியாக உடம்புக்குள் மின்சாரம் எதுவும் வராது. உடம்பில் உள்ளதை எடுத்துப் பதிவது மட்டும்தான். இதை மூன்று தடவையாவது அம்மாவிடம் சொல்லுங்கள்.

தலை முடிந்தபின் காதுக்குப் பின்னால், கண் ஓரங்களில், தாடையில், நெஞ்சில், கால்களில். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை. மூச்சு எடுக்கும்போது இரண்டும் சேர்ந்து விரிய வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டால் நெஞ்சும் வயிறும் மூச்சு இழுக்கப் பாடுபட்டுக்கொண்டே இருக்கும், மூக்கில் காற்று மட்டும் வராது. மூச்சு விடச் சொல்லி மூளையே கட்டளை அனுப்பாமல் விட்டால் பட்டைகளும் அசையாது. அடைப்பால் நின்ற மூச்சா, கட்டளை வராமல் நின்ற மூச்சா என்று பிரித்துச் சொல்வது அந்த இரண்டு பட்டைகள். மூக்கில் கடைசியாக ஒரு மெல்லிய குழாய் வரும். எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது; பத்து நிமிஷத்தில் மறந்தும் போனது.

எல்லா வயரையும் பின்னால் சேர்த்துச் சடை மாதிரி கட்டி ஒரு சின்னப் பெட்டியில் செருகுவார்கள். புரண்டு படுக்கலாம். ஒட்டி முடிக்க முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

விளக்கை அணைத்ததும் ஸ்பீக்கரில் குரல் வரும். "கண்ணைத் திறந்து நேரா பாருங்க. இப்போ மூடுங்க. தலையை அசைக்காம கண்ணை மட்டும் இடது, வலது. பல்லைக் கடிங்க. மூச்சைப் பிடிங்க. குறட்டை விடுற மாதிரி சத்தம் பண்ணுங்க. வலது கால் பாதத்தை மேலே இழுங்க." ஒவ்வொரு வயரும் தன் வேலையைச் செய்கிறதா என்று பார்க்கிறார்கள். கண்ணை மூடியதும் பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 தடவை அடிக்கிற ஆல்ஃபா அலை திரையில் எழும்பும். 2019-இல் அந்த டெக்னீசியன் பெண் என் அலையை எனக்கே காட்டினார். மூடினால் சீப்புப் பல் மாதிரி வரிசையாக வருகிறது, திறந்தால் கலைந்துவிடுகிறது.

மார்ச் 8, காலை 6.40

நேற்று விட்டுப்போனது, இதை அவசியம் சொல்ல வேண்டும். மூச்சுத் தடை மிக அதிகமாக இருந்தால் நடுராத்திரியில் அம்மாவை எழுப்பி, முகத்தில் மாஸ்க் மாட்டி, பாதி இரவுக்கு சிபாப் கருவி வைக்கலாம். முதல் இரண்டு மணி நேரத்திலேயே மணிக்கு 40 தடவைக்கு மேல் தெரிந்துவிட்டால் அப்படிச் செய்வது நடைமுறை. தூக்கத்தின் நடுவே முன்பின் தெரியாத ஒருவர் மாஸ்க்கோடு வந்து நின்றால் யாருக்கும் பயம் வரும். போனவுடனே மாஸ்க்கைக் கையில் வாங்கி, முகத்தில் வைத்து, காற்றை ஓடவிட்டுப் பார்க்கக் கேளுங்கள். காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் இந்தச் சிகிச்சையை ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் 1981-இல் வெளியிட்டார். அதற்கு முன்பு கடுமையான மூச்சுத் தடைக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழியாக இருந்தது.

மார்ச் 8, மாலை 4.30

"வீட்டுக்கே கருவி கொடுக்கிறார்களாமே, அம்மாவுக்கு அது போதாதா?"

சிலருக்குப் போதும். ஆனால் வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை மூளை அலையைப் பதிவதில்லை. ஆள் தூங்குகிறாரா, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. ஆறு மணி நேரம் படுத்து மூன்று மணி நேரமே தூங்கியிருந்தாலும், மூச்சுத் தடைகளை ஆறால் வகுத்துவிடும், எண் பாதியாகிவிடும். புது இடத்தில் தூக்கம் வராது என்று அம்மா பயப்படுகிறாரே, விழித்துக் கிடந்த நேரத்தைச் சரியாகக் கழித்துக் கணக்குப் போடுவது இந்த வயர் ஆய்வுதான்.

இருதய நோய், நுரையீரல் நோய், பக்கவாதம் வந்தவர்கள், தூக்கத்தில் எழுந்து நடப்பவர்கள், கைகால் வீசுபவர்கள் நேரே இங்கேதான் வர வேண்டும். வீட்டுக் கருவி "ஒன்றுமில்லை" என்று காட்டியும் தொந்தரவு தொடர்ந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது.

மார்ச் 9, இரவு 9.05

உடை: மேல் கீழ் என்று இரண்டு துண்டாக, தளர்வாக, பருத்தியில். மேலே முன்பக்கம் பொத்தான் வைத்தது. நெஞ்சிலும் காலிலும் வயர் வரப்போகிறது, ஒரே நீள நைட்டி தோதுப்படாது. வழுக்குகிற பட்டுத் துணியும் சரிப்படாது. அவருடைய சொந்தத் தலையணை. படித்தால் தூக்கம் வருமென்றால் படிக்கிற புத்தகம், கண்ணாடி.

மார்ச் 9, இரவு 9.50

கழிப்பறை பற்றி அம்மா கேட்கத் தயங்கியிருப்பார், நீங்களும் எழுதத் தயங்கியிருப்பீர்கள். நான் சொல்லிவிடுகிறேன். படுத்தபடியே சாதாரணக் குரலில் கூப்பிட்டால் போதும், மைக் எப்போதும் திறந்திருக்கும். டெக்னீசியன் வந்து பெட்டியை மட்டும் கழற்றிக் கழுத்தில் மாட்டிவிடுவார். ஒட்டிய வயர் ஒன்றைக்கூடப் பிரிக்க வேண்டாம். ஒரு நிமிஷ வேலை. எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். தொந்தரவு கொடுக்கிறோமே என்று அடக்கிக்கொண்டு கிடந்தால்தான் தூக்கம் கெடும்.

இதில் அம்மாவிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இரவில் எத்தனை தடவை எழுகிறார்? நான் நாலு தடவை எழுந்துகொண்டிருந்தேன். சர்க்கரை பார்த்தேன், இல்லை. சிறுநீர்த் தொற்று பார்த்தேன், இல்லை. வயதாகிறது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். தொண்டை அடைத்த நிலையில் நெஞ்சு மூச்சை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் இறங்கி இருதயத்தின் மேலறைகள் விரிகின்றன. ரத்தம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து இருதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது சிறுநீரகத்திடம் உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்கிறது. சிபாப் போட்ட முதல் வாரத்திலேயே நாலு ஒன்றாகக் குறைந்தது. பெண்கள் பலர் குறட்டை என்று சொல்லி டாக்டரிடம் போவதில்லை. களைப்பு, தூக்கமின்மை, காலைத் தலைவலி என்று போகிறார்கள், வேறு எதற்கோ மருந்து வாங்கி வருகிறார்கள்.

மார்ச் 10, இரவு 11.15

இன்று தூக்கம் வரவில்லை, அதனால் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன்.

ரிப்போர்ட்டில் "எபோக்" என்று ஒரு சொல் வரும். இரவை 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றும் எந்த நிலைத் தூக்கம் என்று குறிப்பார்கள். ஏன் 30? அந்தக் காலத்தில் பேனா முனைகள் ஓடுகிற காகிதத்தில் பதிந்தார்கள். விநாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகம், 30 சென்டிமீட்டர் பக்கம், ஒரு பக்கத்துக்கு 30 விநாடி. காகிதம் போய்விட்டது, பக்கத்தின் அளவு நின்றுவிட்டது. எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கம்.

கனவுத் தூக்கத்தைக் கண்டுபிடித்ததும் அந்தக் காகிதத்தில்தான். சிகாகோவில் யூஜின் அசரின்ஸ்கி தன் எட்டு வயது மகன் ஆர்மண்டை வயர் ஒட்டித் தூங்க வைத்தார். நடு இரவில் பேனாக்கள் குதிக்க, பையன் விழித்துவிட்டான் என்று நினைத்து உள்ளே போனார். பையன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான், இமைக்குள் கண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் நதானியல் கிளைட்மனும் 1953-இல் அதை வெளியிட்டார்கள். அம்மாவின் கண் ஓரத்தில் ஒட்டப்போகும் இரண்டு வயர்கள் பார்ப்பது அதைத்தான்.

மார்ச் 11, காலை 5.50

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

2016 ஆய்வு கெட்டதற்கு எண்ணெய்த் தலையும் கழன்ற வயரும் காரணம் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அது பாதிதான் உண்மை. வீட்டில் நான் மல்லாந்து படுத்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவள். அன்று முன்பின் தெரியாத ஒரு ஆண் டெக்னீசியன் பக்கத்து அறையில் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார், என் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்ற வெட்கத்தில் இரவு முழுக்க ஒருக்களித்துப் படுத்தேன். விழிப்பு வந்தபோதெல்லாம் மல்லாந்திருக்கிறேனா என்று பார்த்துத் திரும்பிக்கொண்டேன். "கொஞ்ச நேரம் நேராகப் படுக்க முடியுமா" என்று ஸ்பீக்கரில் கேட்டார். முதுகு வலி என்றேன். முதுகு வலி இல்லை.

ரிப்போர்ட்டில் மூச்சுத் தடை மணிக்கு 7 என்று வந்தது. லேசானது, எடையைப் பாருங்கள் என்றார்கள். எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. மூன்று வருஷம் அப்படியே போயிற்று, நாலு தடவை எழுந்துகொண்டும், மத்தியானம் வேலைமேசையில் சாய்ந்துகொண்டும். 2019-இல் வீட்டில் படுப்பது போலவே படுத்தேன். மொத்தத்தில் 34, மல்லாந்திருந்தபோது மட்டும் 52. நாக்கும் மெல்லண்ணமும் பின்னால் சரிந்து வழியை அடைப்பது மல்லாந்து படுக்கும்போதுதான் அதிகம்.

அங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் இரவுதோறும் கேட்பது குறட்டைதான். அது வந்தால்தான் அவர்களுக்கு வேலை. அம்மாவும் என் மாதிரிக் கூச்சப்படுகிறவராக இருந்தால், பெண் டெக்னீசியன் வேண்டும் என்று இன்றே போன் செய்து கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் இதை அம்மாவிடம் சொல்லுங்கள்: நன்றாகத் தூங்கிக் காட்டினால் பாஸ், குறட்டை விட்டால் ஃபெயில் என்று அங்கே எதுவும் இல்லை. மறைத்தால் நஷ்டம் நமக்கு. எனக்கு மூன்று வருஷம் போயிற்று.

மார்ச் 12, இரவு 8.20

மூக்கு ஒழுகுகிறது என்றீர்கள். லேசானது என்றால் போகலாம், ஆனால் காலையில் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். காய்ச்சலோ, மூக்கு முழுக்க அடைத்துக்கொள்வதோ இருந்தால் தேதி மாற்றுவதே மேல். அடைத்த மூக்கில் அந்தக் குழாய்க்குக் காற்று கிடைக்காது, வழக்கத்தில் இல்லாத அடைப்பை வழக்கமானது என்று எண்ணிவிடக் கூடும்.

அம்மாவின் "புது இடத்தில் கண் மூடாது" என்பதற்கு ஒரு பெயரே உண்டு: முதல் இரவு விளைவு. 1966-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2016-இல் மசாகோ தமாகியும் யூகா சசாகியும் வெளியிட்ட ஆய்வில், புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை, சின்னச் சத்தத்துக்கும் முழிக்கத் தயாராக இருக்கிறது என்று கண்டார்கள். அம்மா சாக்குச் சொல்லவில்லை, தம்பி. பாதி மூளை காவல் இருக்கும், மீதி பாதியாவது தூங்கும். ரிப்போர்ட் எழுதுகிறவர் இதையும் சேர்த்துத்தான் படிப்பார்.

மார்ச் 13, பிற்பகல் 3.30

காபி இல்லை, பகல் தூக்கம் இல்லை, தலையில் எண்ணெய் இல்லை. மாத்திரை, நோட்டு, தலையணை. இரவுச் சாப்பாடு வழக்கமான நேரத்தில் முடியட்டும். நாளைக் காலை அவரை நீங்களே அழைத்து வாருங்கள்.

மார்ச் 14, காலை 8.15

பசை போக வெந்நீர்தான் வழி. முதலில் வெதுவெதுப்பான நீரில் பசையை ஊறவிட்டு, கண்டிஷனர் தடவி, விரலால் மெல்ல உருவட்டும். நகத்தால் சுரண்ட வேண்டாம், தேய்த்த தோல் சிவந்திருக்கும். இன்று எண்ணெய் தாராளமாக வைக்கலாம்.

டெக்னீசியன் ஒன்றும் சொல்லவில்லையே என்று குழம்ப வேண்டாம். அவர் சொல்லக் கூடாது. பதிவு முழுவதையும் பக்கம் பக்கமாகக் குறித்து, டாக்டர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாட்களோ சில வாரங்களோ ஆகும்.

மார்ச் 29, இரவு 9.40

ரிப்போர்ட்டைப் படித்தேன். நான் டாக்டர் இல்லை, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

காற்று ஓட்டம் 90 சதவீதமாவது குறைந்து பத்து விநாடியாவது நீடித்தால் ஆப்னியா. 30 சதவீதமாவது குறைந்து, கூடவே ஆக்ஸிஜன் இறங்கினாலோ மூளை விழித்தாலோ ஹைபாப்னியா. இரண்டையும் கூட்டித் தூங்கிய மணிக்கணக்கால் வகுத்தால் ஏ.எச்.ஐ. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. அம்மாவுக்கு 27. கனவுத் தூக்கத்தில் மட்டும் 48. ஆக்ஸிஜன் ஒரு கட்டத்தில் 79 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. மொத்த எண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள், டாக்டரிடம் அந்த 48-ஐயும் 79-ஐயும் விரல் வைத்துக் காட்டிக் கேளுங்கள்.

அம்மா "ஒரு நிமிஷம்கூடத் தூங்கலை, பணம் தண்டம்" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றீர்கள். மூன்றாவது வரியைப் பாருங்கள். படுத்திருந்தது 7 மணி 5 நிமிடம், தூங்கியது 4 மணி 12 நிமிடம். அந்தத் தூக்கத்தில் 113 தடவை மூச்சு தடைப்பட்டிருக்கிறது. பல தடவை மூளை மேலே வந்து மூச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. அத்தனை முறை மேலே வந்தவருக்கு விழித்திருந்தது மட்டும்தான் நினைவில் நிற்கும். அம்மா பொய் சொல்லவில்லை. வீட்டில் எத்தனை வருஷமாக இப்படி இருந்தாரோ என்றுதான் எனக்கு மனசு கனக்கிறது.

ஏப்ரல் 6, காலை 7.10

மாஸ்க் அழுத்தம் பார்க்க இன்னொரு இரவு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று படித்தேன். தலைக்கு அதே ஷாம்பூ, அதே உடை, அதே தலையணை. இந்தத் தடவை இடம் பழகியது. மாஸ்க்கை முன்கூட்டி வாங்கிவர முடிந்தால், பகலில் உட்கார்ந்தபடி பத்து நிமிஷம், மறுநாள் இருபது நிமிஷம் போட்டுப் பழகட்டும். முதலில் கையால் முகத்தருகே பிடித்துக்கொள்ளட்டும், வாரை மாட்ட வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று கைக்குத் தெரிந்தால் பயம் பாதி போய்விடும். மல்லாந்து படுக்கச் சொன்னால் படுக்கச் சொல்லுங்கள்.